ஆதரவு நிறுத்தும் பிரிவுக்குப் பட்டறைகளின் விண்ணப்பம்

பெறுநர்: தலைமை அதிகாரி அவர்கள், ஆதரவு நிறுத்தும் பிரிவு, உலக மென்பொருள் நிறுவனங்கள்.

ஐயா,

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்று ஓய்வு ஆணை பிறப்பிக்கப்பட்டது. அதன் நகல் கோவைப் பட்டறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும். சிஎன்சி ரவுட்டர் பக்கத்தில், மரத்தூள் அப்பிய பாலித்தீன் உறைக்குள், எக்ஸ்பி இன்றும் காலை ஷிஃப்டுக்கு ஆஜர்.

‘புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்கள்’ என்பது தங்கள் பிரிவின் அன்பான அறிவுரை. வாங்கலாம். ஆனால் ரவுட்டரை ஓட்டும் மாக்3 மென்பொருளின் பேரலல் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. கம்ப்யூட்டரை மாற்றப் போனால் கன்ட்ரோலையும் சேர்த்து மாற்ற வேண்டும். மெஷினோ கல்லுக்குண்டாக இருக்கிறது.

இனி, ஒரு பூஜையறைக் கதவு டிசைன் படும் பாட்டைக் கேளுங்கள். டிசைனர் அதை 64 ஜிபி பென்டிரைவில் கொடுத்தனுப்புகிறார். பென்டிரைவ் எக்ஸ்ஃபேட். தனி அப்டேட் போடாத எக்ஸ்பிக்கு அது விளங்காது, ‘ஃபார்மட் செய்யட்டுமா?’ என்று பணிவாகக் கேட்கிறது. அவசரத்தில் ‘சரி’ தட்டினால் கதை முடிந்தது. தப்பிப் பிழைத்துத் திறந்தால், பழைய கேம் (CAM) மென்பொருள் படிப்பது 1992-இன் ஆட்டோகேட் ஆர்12 டிஎக்ஸ்எஃப் கோப்பு மட்டுமே. ஸ்பிளைன் வளைவு அதற்கு அடுத்த பதிப்பில்தான் வந்தது. திரையில் சட்டம் இருக்கிறது, பூவைக் காணோம்! வளைவைக் குட்டிக் கோடுகளாக உடைத்துக் கொடுத்தாலோ, வழுவழுவென்று வர வேண்டிய இதழ் பட்டை பட்டையாக வருகிறது. போதாக்குறைக்கு, ஆர்12 கோப்பில் அளவு அலகுக்கென்று இடமே கிடையாது. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கதவு 25.4 மடங்கு சுருங்கும். அதில் எந்தச் சாமியை வைப்பது?

அடுத்த பட்டறையின் பழைய வி.எம்.சி மெஷின் இன்னும் ஒரு படி மேல். ஆர்எஸ்-232 கேபிளில், 9600 பாட் வேகத்தில், ஒரு எம்பி புரோக்ராம் போய்ச் சேரச் சுமார் 18 நிமிடம். ஆப்பரேட்டர் டீ குடித்து, வடை தின்று, கிரிக்கெட் ஸ்கோரும் பார்த்துவிட்டு வருவார்.

இதெல்லாம் பின்தங்கிய ஊர்க்கதை என்று தாங்கள் நினைக்கக்கூடும். ஆனால் ஃபிளாப்பியை வற்புறுத்திய விதிகளை ஜப்பான் அரசே 2024-இல்தான் ஒழித்து முடித்தது.

ஆகவே பட்டறைக்காரர்கள் கேட்பது புது வசதி எதுவுமல்ல. ஆட்டோகேடின் ‘சேவ் ஆஸ்’ பட்டியலில் ஆர்12 டிஎக்ஸ்எஃப் என்று இன்னும் ஒரு வரி கிடக்கிறது. அடுத்த வெள்ளையடிப்பில் ‘இதை யார் பயன்படுத்துகிறார்கள்?’ என்று எவராவது அதைத் துடைக்க வந்தால், துணியைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர்கள்

பி.கு.: பதிலை நோட்பேடில் தட்டி, கோப்புப் பெயரை எட்டு எழுத்துக்குள் வைத்து அனுப்பவும். பக்கத்துப் பட்டறையில் இன்னமும் டாஸ்.