கேளுங்க மாமா! (இந்த வாரம் டி.எஸ்.பாலையா)

போன வாரம் டி.எஸ்.பாலையாவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்து குவிந்த கார்டுகளைச் சுமந்து தபால்காரர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். பதில்கள் கீழே. மீதியை நேரில் கேட்க நினைப்பவர்கள் அம்பகரத்தூர் வரலாம்; டீ உங்கள் செலவு.

எங்கள் ஊர் பத்ரகாளி அம்பரனை வதம் செய்தாள். பாலையா என்கிற வில்லனை வதம் செய்தது யார் மாமா?
(அம்பகரத்தூர் வாசகர்)

நாகேஷ். 1964, 'காதலிக்க நேரமில்லை'. ஆயுதம்: வெறும் வாய்.

கொஞ்சம் விளக்கினால் குறைந்தா போய்விடுவீர்கள்?
(அதே வாசகர், அடுத்த கார்டில்)

கதை சொல்லும் காட்சி ஐயா! சினிமா எடுக்கிறேன் என்று திரியும் பிள்ளை நாகேஷ், எஸ்டேட் முதலாளியான அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிறான். அப்பா முதலில் 'சொல்லித் தொலை' என்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு கண் லேசாக விரிகிறது. நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்ப எழுப்ப, எஸ்டேட் முதலாளி காணாமல் போய், இருட்டுக்கு நடுங்கும் பொடியன் ஒருவன் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். வசனம் எல்லாம் நாகேஷுக்கு, பயம் முழுக்கப் பாலையாவுக்கு. இவர் பயப்படாவிட்டால் அவர் சொன்னது உளறல். கைதட்டலை மட்டும் ஒருவர் பெயருக்கே பட்டா போட்டுவிட்டோம்.

பாலையாவின் முதல் படத்தில் அவருக்கு என்ன வேலை?
(காரைக்கால் வாசகர்)

நல்ல குடும்பத்துப் பிள்ளையைக் குடிக்கப் பழக்கும் வேலை. 'சதி லீலாவதி', 1936. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம், எஸ்.எஸ்.வாசன் கதை. சென்னையிலேயே காரியத்தை முடித்துவிட்டார். சரக்குக்காக உங்கள் ஊர் எல்லைக்கு வரவே தேவைப்படவில்லை.

அதே படத்தில்தானே எம்.ஜி.ஆரும் அறிமுகம்?
(நிரவி வாசகர்)

ஆமாம். சின்ன வேடம், போலீஸ் இன்ஸ்பெக்டர். என்.எஸ்.கிருஷ்ணனும் அதில் இருந்தார். ஒருவர் கோட்டைக்குப் போனார், ஒருவர் கலைவாணர் ஆனார். மூன்றாமவர் நடிகராகவே இருந்துவிட்டார். அதற்கெல்லாம் யார் சிலை வைப்பார்கள்?

நம்பியார் பெரிய வில்லனா, பாலையாவா?
(பேரளம் வாசகி)

நம்பியார் வந்தால் கதவைச் சாத்துவோம் அம்மா. பாலையா வந்தால் உட்காரவைத்துக் காபி கொடுப்போம். எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்.

'தூக்கு தூக்கி' படத்துச் சேட்டு வேடத்தை இன்று எடுத்தால் சும்மா விடுவார்களா?
(நெடுங்காடு வாசகர்)

வழக்கு நிச்சயம். ஆனால் நீதிபதி சிரித்துவிட்டால் தீர்ப்பு எப்படி எழுதுவார்? கதாநாயகனின் மனைவியை மயக்கும் ஆள் அந்தச் சேட்டு. காறித் துப்ப வேண்டிய ஜென்மத்தைப் பார்த்து 1954-இல் கொட்டகை குலுங்கியது. அந்த வருஷம் நவம்பரில்தான் பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போனான். சேட்டு போகவில்லை, இன்னும் டிவியில் வருகிறார்.

நான் தவில்காரன். 'தில்லானா மோகனாம்பாள்' முத்துராக்குக்கு எத்தனை மார்க்?
(திருமலைராயன்பட்டினம் வாசகர்)

நீங்கள் கழியையும் கைவிரல் கூட்டையும் பார்ப்பீர்கள், நான் முகத்தைப் பார்ப்பேன். நாயனக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம். அவரையும் சமாளிக்க வேண்டும், தாளமும் தப்பக் கூடாது. சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கொதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் முகத்தைக் கவனியுங்கள்: பாதி பக்தி, பாதி 'இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ளுவது!' உங்கள் செட்டில் அப்படி யாரும் இல்லை என்று சத்தியம் செய்வீர்களா?

திமிர் பிடித்த வித்வானாக நடிப்பது எளிதுதானே?
(திருநள்ளாறு வாசகர்)

திமிர் எளிது, சபாக்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அது இறங்குவதைக் காட்டுவதுதான் கஷ்டம். 'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதர் பாண்டியன் சபையில் பாடும்போது குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. புருவமும் தோளும் பாலையாவுடையவை. பிறகு ராத்திரி, திண்ணையில் ஒரு விறகுவெட்டியின் பாட்டு. 'பாணபத்திரர் வேண்டாம் என்று தள்ளிய சீடனே இப்படிப் பாடுகிறானா?' என்று அந்த முகம் சுருங்குகிறது பாருங்கள்! எதிரே சிவனாக இருப்பவர் சிவாஜி. ஆனாலும் நான் தோற்றவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் செய்த வேடங்களை இந்தியில் செய்தது யார்?
(நன்னிலம் வாசகர்)

'காதலிக்க நேரமில்லை' அப்பாவை ஓம்பிரகாஷ். 'பாமா விஜயம்' (1967) மாமனாரைப் பிருத்விராஜ் கபூர். ஆம், 'முகலே ஆசம்' அக்பரேதான்! மூன்று மருமகள்களை மேய்க்க அங்கே சக்கரவர்த்தி தேவைப்பட்டார்.

வாரிசு உண்டா?
(நாகூர் வாசகர்)

மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரில் நடித்தார். 'சாட்டை' தலைமை ஆசிரியரை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 நவம்பரில் காலமானார். அப்பா போனது 1972-இல், அறுபது வயதுகூட ஆகவில்லை. நடிப்புக்கு வாரிசா? இடம் காலியாகத்தான் இருக்கிறது, சிபாரிசுக் கடிதம் செல்லாது.

அடுத்த வாரம் எஸ்.வி.சுப்பையா. கேள்விகளைச் சீக்கிரம் அனுப்புங்கள், கையெழுத்து புரிகிற மாதிரி.