பத்து நிமிட மோட்சார்ட்

மழலையர் கல்வி பற்றி எழுத உட்கார்ந்தால் "ஆய்வுகள் சொல்கின்றன" என்று ஒரு வரி போட்டாக வேண்டும். எந்த ஆய்வு, யாரை வைத்துச் செய்தது என்று கேட்பவர் நாகரிகம் தெரியாதவர்.

மோட்சார்ட் இசை கேட்டால் குழந்தைக்குப் புத்தி கூடும் என்ற சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் 'நேச்சர்' இதழில் பிரான்சிஸ் ராஷரும் இரு சகாக்களும் எழுதியது ஒரே ஒரு பக்கம். அதையும் முழுக்கப் படித்தவர்கள் குறைவு என்பது என் ஊகம். ஆய்வில் பங்கேற்றவர்கள் மோட்சார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, மடித்து வெட்டிய காகிதத்தைப் பிரித்தால் எப்படியிருக்கும் என்பது போன்ற புதிர்களுக்கு விடை சொன்னார்கள். மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. கால்மணி நேரத்துக்குள் இறங்கியும் விட்டது. விடை சொன்னவர்கள் 36 பேர். அத்தனை பேரும் கல்லூரி மாணவர்கள். தொட்டிலில் கிடந்தவர் ஒருவர்கூட இல்லை.

அதனால் என்ன? 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். கேட்டதோடு விட்டாரா, சட்டமன்றத்திலேயே பீத்தோவனை ஒலிக்கவிட்டார். உறுப்பினர்களுக்குப் புத்தி கூடியதா என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து மாநிலமான புளோரிடாவோ, அரசுப் பணம் பெறும் மழலையர் காப்பகங்களில் தினமும் செவ்வியல் இசை ஒலிக்க வேண்டுமென்று சட்டமே போட்டது.

மறு வருடமே கிறிஸ்டோபர் சாப்ரிஸ் அதே 'நேச்சர்' இதழில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பலன் சொற்பம் என்று எழுதினார். நம் கட்டுரையாளர்களின் அடிக்குறிப்பில் மட்டும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பக்கம் போதவில்லையாம்.