வீடு அவள் பெயரில், வழக்கு என் பெயரில்

ஹட்டன் டவுனில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. 'எங்களுக்கு' என்று நான் சொல்வது என் மனத்திருப்திக்கு. அடுப்பு, கல்லா, மரக்கறிக்காரனின் பாக்கி, வேலைப் பையன்களின் காதல் தோல்வி என்று அத்தனையையும் பார்ப்பது என் மனைவி. தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் எழுதி ஓய்வுபெற்ற நான் பார்ப்பது நிர்வாகம். நிர்வாகம் என்றால் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் பத்திரிகை வாசிப்பது. கூட்டம் வந்தால் எழுந்து இடம் கொடுப்பது.

பத்திரிகை வாசிக்கிறவனுக்குப் பயம் எளிதாகத் தொற்றும். எனக்குத் தொற்றியது ஒரு தண்ணீர்ப் போத்தலில்.

சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரைக்கும் போகும். அந்த மாதங்களில் ஹட்டன் தூங்காது. ரயிலை விட்டு இறங்கி மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலோடுதான் ஓடுவார்கள். அரை லீற்றர் போத்தலுக்கு 2025 ஏப்ரலில் அரசாங்கம் வைத்த உச்ச விலை 70 ரூபா. கடையில் ஒத்தாசைக்கு நிற்கும் என் மச்சினன், 80 வாங்கலாம் என்றான். கூடுதல் பத்து ரூபா 'கூலிங் சார்ஜ்' என்றான். ஜனவரி மாதத்து ஹட்டனில் தண்ணீரை ஃப்ரிஜ்ஜுக்குள் வைத்தால்தான் கொஞ்சம் சூடேறும்!

நான் பத்திரிகையை விரித்தேன். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை 2021இல் திருத்திவிட்டார்கள். உச்ச விலைக்கு மேல் விற்கும் தனி ஆளுக்கு இப்போது அபராதம் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. பத்துப் பத்து ரூபாவாக ஒரு லட்சம் சேர்க்கப் பத்தாயிரம் பேர் மலையேற வேண்டும். மச்சினன் கணக்கில் கெட்டிக்காரன், உடனே அடங்கிவிட்டான். நான்தான் அடங்கவில்லை.

அன்றிலிருந்து கடைக்குள் எங்கே பார்த்தாலும் எனக்குச் சட்டம்தான் தெரிந்தது. குசினியில் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் ஈ உருவத்தில் பறந்தது. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் எட்டு வீதம், நம் பங்கு பன்னிரண்டு வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு மூன்று வீதம். லீவுக்கு வந்து மேசை துடைத்துக் கொடுத்த மனைவியின் அக்கா மகனைக்கூட வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். 2021இலிருந்து வேலைக்கு வைக்கக்கூடிய வயது பதினாறு, அவனுக்குப் பதினாலு. "சித்தப்பா சோத்தைக் கூடப் போட மாட்டேன்னுட்டாரு" என்று அவன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். சுகாதாரப் பரிசோதனைக்குப் பீ.எச்.ஐ. ஐயா வந்தால் மனைவி "வாங்க சார்" என்று நேரே குசினிக்கு அழைத்துப் போவாள். நான் பின்வாசலால் நழுவிவிடுவேன். கடையில் அவரிடம் ஒளிக்க ஒன்றும் கிடையாது, என்னைத் தவிர.

தேத்தண்ணி விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் கெட்டது. அமெரிக்காவில் 1992இல் ஸ்டெல்லா லீபெக் என்ற 79 வயது மூதாட்டியின் மடியில் மெக்டொனால்ட்ஸ் கோப்பி கொட்டிவிட்டது. 49 சதக் கோப்பி. 1994இல் ஜூரிமார் 28 லட்சம் டொலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். நீதிபதி அதை 6 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைத்தார். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் மீதியைச் சொல்வதில்லை. அந்த அம்மாவுக்குத் தோல் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. முதலில் அவர் கேட்டது 20 ஆயிரம் டொலர்தான். கம்பனி நீட்டியது 800. என்னைக் கேட்டால், கோப்பியைவிட அந்த 800தான் கம்பனியைச் சுட்டது.

"இனிமே தேத்தண்ணியைக் கொஞ்சம் ஆற வச்சுக் கொடுப்பமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஆறின தேத்தண்ணி கொடுத்தா யாரும் கேஸ் போட மாட்டாங்க. நம்ம மூஞ்சியிலயே ஊத்திட்டுப் போவாங்க" என்றாள்.

எனக்கு ஆறுதல் தந்தது இயற்கைதான். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் இன்னும் இரண்டு பாகை குறையும். கொழும்புக் கடைக்காரனுக்குக் கிடைக்காத நாலு பாகைச் சட்டப் பாதுகாப்பு நமக்கு இருக்கிறது. இதை மனைவியிடம் சொன்னபோது அவள் வடை திருப்பிக்கொண்டிருந்தாள். வடையோடு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

கடைசியில் ஒரு சட்டத்தரணித் தம்பியைப் பார்க்கப் போனேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளை.

"அண்ணே, கடை யார் பேர்ல?"

"என் பேர்ல."

"வீடு?"

"அதுவும் என் பேர்லதான்" என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படின்னா கடையில யாராச்சும் வழுக்கி விழுந்தா வீட்டுக் கூரை ஆடும். சட்டத்துக்குக் கடை வேற, நீங்க வேற இல்ல."

என் தாத்தாவுக்கு இந்தத் தலையிடி இருக்கவில்லை. அவர் இருந்த லயத்துக் காம்பரா வெள்ளைக்காரக் கம்பனியுடையது. எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசாங்கத்துடையதாயிற்று. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போயிற்று. காம்பரா எத்தனை கை மாறியும் அவர் கைக்கு மட்டும் வரவில்லை. அதற்கு முன்னமே, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை இந்த நாட்டுக்காரரே இல்லை என்று சொல்லிவிட்டிருந்தது. எந்தக் கடன்காரனும், எந்த நீதிமன்றமும் அவரிடமிருந்து ஒரு பேர்ச் நிலத்தைக்கூடப் பறித்திருக்க முடியாது. சொத்துப் பாதுகாப்பை அவ்வளவு கச்சிதமாகச் செய்துகொடுக்கக்கூடிய சட்டத்தரணி இனிப் பிறந்துதான் வரவேண்டும். எங்கள் வம்சத்தில் முதல் காணி உறுதி என் பெயரில்தான் எழுதப்பட்டது: டிக்கோயாப் பக்கம் பத்து பேர்ச்சஸ். அதைக் கொத்து ரொட்டிக்காகப் பறிகொடுக்க முடியுமா?

"கம்பனியாப் பதிஞ்சிருவோம்" என்றான் தம்பி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே ஆள் பங்குதாரராக இருந்தும் கம்பனி தொடங்கலாமாம். அவன் சொன்ன ஒரு பழைய கதை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. லண்டனில் சலமன் என்று ஒரு சப்பாத்துக்காரர். அந்தக் காலத்துக் கம்பனிக்கு ஏழு பேர் வேண்டும் என்பதால் பெண்டாட்டியையும் ஐந்து பிள்ளைகளையும் ஆளுக்கொரு பங்கோடு சேர்த்துக்கொண்டு, 20,001 பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். கம்பனி நொடித்தபோது கடன்காரர்கள் அவர் வீட்டுக்கு வந்தார்கள். கம்பனி வேறு, சலமன் வேறு என்று 1896இல் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. இன்றைக்கும் உலகத்துக் கம்பனிச் சட்டம் அந்தச் சப்பாத்துக் கடையின் மேல்தான் நிற்கிறது.

நான் அப்போதே 'பணிப்பாளர்' என்று அட்டை அடிப்பதற்கு மனதுக்குள் எழுத்துரு பார்க்கத் தொடங்கிவிட்டேன். தம்பி தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணு ரெண்டு விசயம் இருக்கு அண்ணே. சேமலாப நிதி கட்டலன்னா கம்பனியை மட்டுமில்ல, பணிப்பாளரையும் கோட்டுக்கு இழுப்பாங்க. பேங்க்ல லோன் கேட்டா, கம்பனி பேர்ல தர்றோம், நீங்க பிணைக்குக் கையெழுத்து வைங்கன்னு சொல்லுவாங்க. வச்சா சலமன் போயிட்டாரு, நீங்கதான் மிச்சம்."

"தண்ணிப் போத்தல் அபராதம்?"

"கம்பனின்னா அஞ்சு லட்சத்துல இருந்து அம்பது லட்சம் வரைக்கும்."

அட்டை அடிக்கும் எண்ணம் அத்தோடு போயிற்று. பத்து ரூபாவுக்கு ஐம்பது லட்சம் கட்டும் தகுதிக்கு நான் இன்னும் உயரவில்லை.

லோன் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றைய ஹட்டன் நஷனல் வங்கியின் வேர் இதே ஊரில் 1888இல் தோட்டத் துரைமாருக்காகத் தொடங்கிய வங்கி. இந்த நாட்டில் வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாளைக் கொடுத்திருக்கிறது. ஈடு வைத்த சொத்தை, நீதிமன்றப் படி ஏறாமலே, தங்கள் சபைத் தீர்மானத்தோடு ஏலத்தில் விடலாம். பராட்டே என்பார்கள். 2011இல் திருத்தி, 50 லட்சத்துக்குக் குறைந்த கடனை இதிலிருந்து விலக்கினார்கள். 2024இல் சிறு வியாபாரிகள் மூச்சுத் திணறியபோது அரசாங்கமே இதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தது. ஹட்டன் நஷனல் வங்கி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், கடன் எடுத்தவர் ஒருவர், தன் சொத்தை ஈடு வைத்தவர் வேறொருவர் என்றால் அந்த ஏலத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்லியிருக்கிறது. நமக்கு ஆதரவான செய்தியாயிற்றே என்று மனைவியிடம் ஓடினேன். "லோனே எடுக்கலன்னா இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டாள். சட்டப் புத்தகத்தில் இல்லாத கேள்விகளைக் கேட்பது அவளுக்குப் பழக்கம்.

மிச்சமிருந்த வழி, காலங்காலமாக நம் ஆட்கள் போகும் வழிதான்: வீட்டை மனைவி பெயருக்கு எழுதுவது. 1923இலேயே கல்யாணமான பெண் தன் சொத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்துவிட்டது. கடன் வந்த பிறகு, கடன்காரரை ஏமாற்ற எழுதினால், ரோமர்கள் காலத்து வழக்கொன்று இருக்கிறது. ஒல்லாந்தர் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன அந்த வழக்கில் உறுதியையே ரத்துச் செய்யக் கேட்கலாமாம். "கடன் இல்லாதப்பவே எழுதிருங்க" என்றான் தம்பி. 1840ஆம் ஆண்டின் சட்டப்படி நொத்தாரிசு ஒருவர், சாட்சி இருவர். சாட்சியில் ஒருவன் மச்சினன். அக்காவுக்கு வீடு வரும் நாளில் அவன் முகத்தில் இருந்த பிரகாசம் கார்த்திகைத் தீபத்தில்கூட நான் காணாதது.

கையெழுத்து வைக்கும் முன் தனியாக ஒரு சந்தேகம் கேட்டேன். "தம்பி, பின்னால மனசு மாறினா?"

"நன்கொடையை நினைச்ச மாதிரி திருப்பி வாங்க முடியாது அண்ணே. 2017ல ஒரு சட்டம் வந்திருக்கு. வாங்கினவங்க மகா நன்றி கெட்ட விதமா நடந்தா, கோட்டுக்குப் போய் ரத்துப் பண்ணலாம்."

அன்று இரவு எனக்கு ரசத்தில் உப்பு இல்லை. இதை மகா நன்றிகேட்டில் சேர்க்கலாமா என்று போனில் கேட்டேன். தம்பி அதற்குப் பிறகு என் அழைப்புகளை எடுப்பதில்லை.

ஆக, இப்போதைய நிலைமை இது. வீடு மனைவி பெயரில். கடையின் வியாபாரப் பெயர்ப் பதிவும், நகரசபை லைசனும், பீ.எச்.ஐ. ஐயாவின் புத்தகத்தில் இருக்கும் பெயரும் என்னுடையவை. லாபம் அவள் கொப்பியில், அழைப்பாணை வந்தால் என் முகவரிக்கு. முகவரி அவள் வீடு.

போன மாதம் மச்சினன் லீசிங்கில் திரீவீலர் எடுக்கப் புறப்பட்டான். பிணைக்குக் கையெழுத்து வாங்க, லீசிங் கம்பனிப் பையன் கோட்டும் சூட்டுமாகக் கடைக்கே வந்துவிட்டான்.

"ஐயா பேர்ல சொத்து ஏதும் இருக்குங்களா?"

"லைசன் இருக்கு" என்றேன்.

அவன் பேனாவை மூடிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினான். "அக்கா, அப்ப நீங்க வைக்கிறீங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி" என்றாள், கல்லாவில் சில்லறையை எண்ணியபடியே. "அவரைக் கேட்காம நான் எதுலயும் கையெழுத்து வச்சதில்ல. அவரு சட்டமெல்லாம் படிச்சவரு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கேட்டு எதையும் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மச்சினன் கைகட்டி, "அத்தான், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றான்.

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவன் இன்றைக்கும் காலையில் வந்து கேட்டான். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.