கடைவீட்டுச் சுவரும் கம்பியில்லா அலையும்

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் பழைய கடைவீட்டைப் புதுப்பித்துக் குடியேறுவோருக்கு வைஃபை மட்டும் போதாதா?

பதில்: சுவருக்கும் காது உண்டு என்பர், அங்குள்ள லெபு பாசார் தெருவின் தடித்த செங்கற்சுவர்களோ வைஃபை அலையைக் கேட்டுக்கொள்ளுமே தவிர, அடுத்த அறைக்குச் சொல்வதில்லை. முகப்பு குறுகி உள்நோக்கி நீளும் இவ்வீடுகளின் வாசலில் ரௌட்டரை, அதாவது இணையத்தைக் கருவிகளுக்குப் பகிரும் பெட்டியை வைத்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தட்டுத்தடுமாறியேனும் சில சுவர்களைக் கடக்கும். வேகம் மிக்க 5 கிகாஹெர்ட்ஸ் அலையோ அடுக்களைக்கு முன்பே அடங்கிவிடக்கூடும். ஆகவே, 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் தாங்கும் கேட் 6 வகை இணையக் கம்பியைப் பூச்சுவேலைக்கு முன்பே குழாய்க்குள் ஓட்டி, வானம் பார்த்த முற்றத்துக்கு அப்பாலும் மாடியிலும் அணுகல் முனையை, அதாவது கம்பியில் வந்ததை அலையாக்கும் கருவியைப் பொருத்துவதே தக்கது. லிட்டில் இந்தியா அமைந்த ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாதலால், சுவரைத் துளைக்குமுன் மாநகர் மன்றத்தைக் கேட்டுக்கொள்வதும் நன்று.