கப்பலேறப் போற மாப்ளைக்கு

வாங்க கப்பக்காரரே, உக்காருங்க. திண்ணை ஆடாது, தைரியமா உக்காரு மாப்ளே. ஒன் பேச்சுத்தான் இப்பக் கெங்குவார்பட்டி டீக்கடை பூராம். சென்னைத் துறைமுகத்துல ஏறி, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கையைச் சுத்திட்டு அஞ்சு ராத்திரி கழிச்சு வந்து எறங்குவியாம்ல. சபாசு. கொடைக்கானல் மலைக்கு அடிவாரத்துல பொறந்தவன் நீ. 900 அடிக்கு மேலருந்து விழுகிற எலிவால் அருவிய இன்னைவரைக்கும் பஸ் சன்னல் வழியாத்தான் பாத்திருக்க. மஞ்சளாத்துல எறங்குடான்னா செருப்பு நனைஞ்சிரும்பே. ஒனக்குக் கடல்தான் தோது. அங்க கால் நனைய வேண்டிய வேலையே இல்ல.

நீ போற எம்ப்ரஸ் கப்பலப் பத்தி நானும் கொஞ்சம் விசாரிச்சு வச்சிருக்கேன். பிரான்சுல கட்டுனது, 1990-ல நோர்டிக் எம்ப்ரஸ்ங்கிற பேருல ஓட ஆரம்பிச்சது. நீ அரைஞாண் கயிறு கட்டுறதுக்கு முந்தியே அது கரீபியன் தீவெல்லாம் அலசிருச்சு. பேர மாத்திக்கிட்டு நம்ம பக்கம் வந்து, 2023 ஜூன்ல இலங்கைக்குப் போக்குவரத்தத் தொடங்குச்சு. 11 தட்டாம். ஒவ்வொரு தட்டுலயும் திங்கிறதுக்கு என்னமாச்சும் இருக்குமாம். காசு முன்னாடியே கட்டியாச்சுன்னு மொத ராத்திரியே மூணு தட்டு வழிய அள்ளிராத. கடல் லேசா அசைஞ்சாப் போதும், தின்னதை எல்லாம் வங்காள விரிகுடாவுக்கு மொய் எழுதிட்டுப் படுத்துருவ.

சூதாடுற எடமும் இருக்காம். 2022-ல இதே கப்பல் புதுச்சேரிக்குப் போனப்ப, சூதாட்டம் இருக்குற கப்பலுக்கு எடமில்லன்னு அந்த ஊர்ல ஆள எறங்கவே விடல. நீ புளியமரத்தடியிலயே தோக்குறவன். அம்புட்டுத் தூரம் போயி, ஏசி ரூமுக்குள்ள உக்காந்து தோக்கணுமா?

சரி, கேலி இருக்கட்டும், காதக் குடு. நீ கட்டுன காசுல பாதிக்கு மேல ஆட்டம், பாட்டு, சாப்பாடு, நீச்சக் கொளம். அதெல்லாம் மதுரையிலயே கெடைக்கும், வாந்தியும் வராது. மிச்சக் காசுக்கு நீ வாங்கியிருக்கிறது ஒரு ஊருக்குச் சில மணி நேரம். காலையில எறங்கணும், சொன்ன நேரத்துக்குள்ள ஏறணும். பிந்தி வர்றவனுக்காகக் கப்பல் நிக்காது, நம்ம வத்தலக்குண்டு மினிபஸ் இல்ல அது. கடிகாரத்து மேலயும் பழி போட முடியாது. 2006-லருந்து இலங்கையிலயும் நம்ம நேரந்தான். கரையில கெடைக்கிற அந்தச் சில மணி நேரத்துல போயி, கெறக்கமா இருக்கு, மேல் தட்டுல இருந்தே ஊரப் பாத்துக்கிர்றேன்னு படுத்தவங்க உண்டுன்னு கேள்விப்பட்டேன். தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில்ல சாத்துன கதவத்தான் கும்புடுறோம். அது பக்தி. கப்பல்ல இருந்தே ஊரப் பாத்தேங்கிறது சோம்பேறித்தனம்.

அம்பாந்தோட்டை பெரிய துறைமுகம். 2017-ல சீனக் கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்குப் போயிருச்சு. மாந்தோப்பை மூணு வருசத்துக்கு விடவே நமக்குத் தூக்கம் வராது. அங்க ரொம்ப நேரம் நிக்காத.

திருகோணமலையில முழிச்சுக்க. பாறை உச்சியில கோணேசர் கோயில், கீழ எட்டிப் பாத்தா நேராக் கடல். சம்பந்தர் பாடுன தலம். 1620-கள்ல போர்த்துக்கீசியன் பழைய கோயில இடிச்சு, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டிக்கிட்டான். 1950-கள்ல கடலுக்குள்ள முங்குனவங்க தூணும் கல்லுமாக் கெடந்ததைப் பாத்துட்டு வந்து சொன்னாங்க. இப்ப இருக்கிறது பெறகு எழுப்புன கோயில். கோட்டைக்குள்ள மானு ஆடு மாதிரித் திரியும். சிப்ஸ் பாக்கெட்டப் பிரிச்சு அதுக்கு ஊட்டிக்கிட்டே போட்டோ எடுக்காத. நீ திங்கிறதே பத்தாதா? கன்னியாவுல ஏழு வெந்நீர்க் கெணறு இருக்கு, வாளியில மொண்டு ஊத்திக்கலாம். ஒன்னுக்கு ஒன்னு சூடு மாறும். புறாத்தீவுக்குப் படகுல கூட்டிப் போனா, பவளப்பாறை மேல மட்டும் ஏறி நிக்காத. அது கல்லுன்னு நெனைப்ப. உசுரு அது, மிதிச்சாச் செத்துப்போகும்.

காங்கேசன்துறைதான் எனக்கு முக்கியம். ஒன் கப்பல் 1990-ல வெள்ளோட்டம் போயி, வெள்ளைக்காரங்க அதுல பாட்டுக் கேட்டுக்கிட்டே பகாமா தீவுக்குப் போனாங்கல்ல, அதே 1990-லதான் காங்கேசன்துறையச் சுத்தி இருந்த சனம் சண்டையில வீடு வாசல விட்டுட்டுக் கெளம்புச்சு. சிமெண்டு ஆலை நின்னுச்சு, ரயிலும் நின்னுச்சு. ஊரே ராணுவத்தோட பாதுகாப்பு வளையத்துக்குள்ள போயிருச்சு. 2009-ல சண்டை ஓஞ்ச பெறகுங்கூட நெலத்தத் துண்டு துண்டாத்தான் விட்டாங்க. காங்கேசன்துறைக்கு ரயிலு திரும்பி வர 2015 சனவரி ஆகிப்போச்சு. கூரை போன வீட்டப் பாத்தா, இது நல்ல லொக்கேசன்னு அதுக்கு முன்னாடி நின்னு பல்லக் காட்டாத. அது யாரோ பொங்கித் தின்ன வீடு.

அங்கருந்து கிட்டத்துல கீரிமலை. கடலுக்கு ஒட்டுனாப்புல கேணி, தண்ணி உப்புக் கரிக்காது. ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. கும்பக்கரை அருவியில சோப்பப் போட்டுக் கும்மாளம் போடுற மாதிரி அங்க போட்டுறாத. பித்ருக்கடன் கழிக்க வர்ற தீர்த்தம் அது. யாழ்ப்பாணம் போனா நல்லூர்க் கந்தனப் பாத்துரு. கோயிலுக்குள்ள ஆம்பளைங்க சட்டையக் கழட்டித்தான் போகணும். பூப்போட்ட சட்டை ஆயிரத்து எண்ணூறுன்னு காட்டுனியே, அது வாசலோட சரி. அதுக்கு மேல நீ கப்பல்ல தின்னதெல்லாம் ஊருக்கே தெரியும். வயித்த எக்கிக்கிட்டுப் பிரகாரம் சுத்துறது ரொம்பக் கஷ்டம், பாத்துக்க. 1981-ல எரிச்ச யாழ்ப்பாண நூலகத்தைத் திரும்பக் கட்டி வெள்ளையா நிறுத்தியிருக்காங்க. படிக்கிற பழக்கம் ஒனக்கு இல்லாட்டியும் வாசல்ல ஒரு நிமிசம் நில்லு.

நம்ம நூறு ரூவாக்கு அந்த ஊர்க் காசு முந்நூறுக்கு மேல கெடைக்கும். ஒடனே ஜமீன்தாராட்டம் கால் மேல கால் போட்டுறாத, அங்க டீயும் அந்தக் கணக்குலதான் விக்கும். 2022-ல நாடே கடனக் கட்ட முடியாம நின்னுச்சு, பெட்ரோலுக்கு வரிசையில கெடந்து மீண்ட சனம். ஆட்டோக்காரர்கிட்ட அம்பது ரூவாக்கு அரைமணி நேரம் பேரம் பேசுனா ஒனக்குத்தான் நேரம் போகும்.

எந்த ஊருன்னு கேப்பாங்க. இந்தியான்னு சொல்லி நிறுத்தாத, மதுரைப் பக்கம்னு சொல்லு. ஒனக்கு முன்னாடியே நம்ம பக்கத்துச் சனம் அந்தத் தீவுக்குக் கப்பலேறியிருக்கு. நீச்சக் கொளத்துக்கு இல்ல, தேயிலைக்குக் கூலியா. மண்டபம் முகாம்ல அடைச்சு வச்சு, நோய்நொடி பாத்துத்தான் ஏத்திவிட்டாங்க. 1914-லருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 அக்டோபர்ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் கையெழுத்துப் போட்டு, அந்தச் சனத்துல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கணும்னு முடிவாச்சு. அவுகளக் கேக்கல. அந்த டிசம்பர்லயே தனுஷ்கோடியப் புயலு தின்னுருச்சு. திரும்பி வந்ததுல கொஞ்சப்பேரு இந்தா நம்ம தலைக்கு மேல தெரியுற கொடைக்கானல் மலையிலதான் பொழைக்கப் போனாங்க. அதனால இலங்கைக்குப் போயி, "பரவாயில்லையே, நல்லாத் தமிழ் பேசுறீங்களே"ன்னு மட்டும் வாயத் தொறந்துராத. மானம் போயிரும்.

எங்களுக்குன்னு ஒன்னும் வாங்க வேணாம். ஒங்க அத்தை கேட்டான்னு பனங்கட்டி மட்டும் ஒரு குட்டான் வாங்கிக்க. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கெடைச்சா அங்கயே தின்னு, கொட்டையையும் அங்கயே போட்டுட்டு வா, தூக்கிட்டு வந்தாத் துறைமுகத்துல பிடுங்கிருவாங்க. தின்னு முடிச்சுட்டு, எங்க பெரியகுளத்துப் பழத்துக்கு ஈடாகாதுன்னு யாழ்ப்பாணத்தான்கிட்ட ஆரம்பிச்சுராத மாப்ளே. அந்தச் சண்டை பொழுதடையிறதுக்குள்ள முடியாது, கப்பலு போயிரும்.