அக்கம்பக்கத்தாரை ஆதாயப்படுத்துவது எப்படி?

சேகரக் கமிட்டிக்குப் புதிதாகத் தேர்வாகியிருப்பவர்களுக்கு வாழ்த்துகள். வருஷ அறிக்கையில் ‘அயலகத்தாரோடு நல்லுறவு’ என்று ஒரு தலைப்பு வந்தாக வேண்டும். அதற்கென்று தனிச் செலவு எதுவும் வேண்டாம். நம் ஜெபம், பாட்டு, பண்டிகை இவையே போதும், செய்கிற விதத்தில் செய்தால்.

ஜெபத்திலிருந்து தொடங்குங்கள். ஜெபம் என்றால் மைக். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு முப்பது பேர்தான் வருவார்கள், மைக் இல்லாமலே கேட்கும். ஆனாலும் ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி வையுங்கள். நைட் ஷிப்ட் முடித்துப் பக்கத்து மாடியில் படுத்திருப்பவரை எழுப்புதல் கூட்டத்துக்கு அழைத்தால் வரமாட்டார். இப்படித்தான் எழுப்ப வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதே ஆண்டில்தான் சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கத்துக்கும் டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கி வழியாக வளர்ந்த உறவு உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பாயிற்று. சபையின் பெயரும் சங்கத்தின் பெயரும் சட்டப் புத்தகங்களில் இன்றும் பிரியாமல் ஒரே வரியில் இருக்கின்றன. இந்த நெருக்கம் எத்தனை சபைக்கு வாய்க்கும்?

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால், நம்மவர்கள் வீட்டுக் காபியெல்லாம் முடித்துக் கடைசித் தெருவுக்கு வர ஒன்றரை ஆகும். நம் வீடுகளை மட்டும் தட்டுங்கள். இடையிலுள்ள பாய் வீட்டையும் மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டையும் தாண்டும்போது டிரம்ஸ் மட்டும் நிற்க வேண்டாம். அவர்கள் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்க ஜன்னலில் நிற்கும். மிட்டாய் எண்ணி வாங்கியது, அந்தப் பக்கம் பார்க்காமல் ஆடச் சொல்லுங்கள். முப்பத்தொன்றாம் தேதி இரவு ஆராதனைக்கு பைக்குகளை யார் வீட்டு வாசலில் நிறுத்துவது என்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிலர் அழைக்காமலே வருவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீறோடு ஒரு பெண் நம் கோவில் வாசலில் நிற்பாள். “ஐயா, பிள்ளைக்கு ஜெபம் பண்ணுங்கய்யா.” சபை ஐயர் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுவார். கமிட்டி அவ்வளவில் விட்டுவிடக் கூடாது. பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, கையில் இரண்டு துண்டுப்பிரசுரமும் கொடுங்கள். அதன்பிறகு வரமாட்டாள். பிள்ளை சுகமாகிவிட்டது என்று அறிக்கையில் போட்டுக்கொள்ளலாம்.

ஆபத்தெல்லாம் சபைச் சாப்பாடான அசனத்தில்தான் இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அசனமென்றால் ஊரே வரும். மைதானத்தில் அடுப்பு மூட்டி, கிடாரம் கிடாரமாகச் சோறு வடித்துக் கொட்டி, ஐயர் ஜெபித்ததும் பரிமாறத் தொடங்கினால், வாளியும் தூக்குச்சட்டியுமாக வரிசை தெரு முனைவரை நிற்கும். யார் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று கரண்டி பிடிப்பவர் கேட்பதில்லை. கேட்க நேரமும் கிடையாது. இதற்கு அமைப்பாளர் இல்லை, கருப்பொருள் இல்லை, அறிக்கையில் காட்ட ஒரு கையெழுத்துகூட இல்லை. வர முடியாத வீடுகளுக்கு நம் பெண்களே தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள், கமிட்டியைக் கேட்காமல்.

தூக்கு திரும்பி வரும், வெறுமனே வராது. பிள்ளையார் சதுர்த்தியன்று பக்கத்து வீட்டு அக்கா கொழுக்கட்டையோடு படியேறுவாள். இங்கே சபையார் கையாளும் முறைகள் பல. “எனக்கு சுகர்” என்பது ஒன்று. சிரித்து வாங்கிக் கொல்லைப்புற வாசல் வழியே பால்காரருக்குத் தள்ளிவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் அவள் இடம் கொடுப்பதில்லை. “படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டேன் டீச்சர்” என்பாள். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்ற நம் உபதேசம் நம் வாலிபர் சங்கத்தைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். நாமோ மொத்தச் சோற்றுக்கும் ஜெபித்துவிட்டுத்தான் அவள் தூக்கில் போட்டோம். அதற்கு முன்னால் அவளுக்கென்று ஒரு கரண்டி தனியாக எடுத்துவைக்க இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

இதைக் கமிட்டியில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒருவர் கொரிந்தியர் முதல் நிருபம் எட்டாம் அதிகாரத்தைத் திறப்பார், எதிரே இருப்பவர் பத்தாம் அதிகாரத்தைத் திறப்பார், உபகமிட்டி போடுவார்கள், அது லெந்து முடிந்துதான் கூடும். கொழுக்கட்டை அதுவரை தாங்காது. கோவில்பிள்ளை ஏற்கெனவே மூன்று சாப்பிட்டுவிட்டுத்தான் மணியடிக்கப் போயிருக்கிறார்.