அச்சகத்து அகராதி

அச்சகத்துக்குள் நுழைபவர் சொல்லும் முதல் வாக்கியம்: "சின்ன வேலைதாண்ணே, நாளைக்குள்ள வேணும்." கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் நாலு பேரைத் தாண்டி வந்த லோகோ. அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்றால், "போன்ல பளிச்சுனு தெரியுதே?" என்பார். போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் மினுக்குகிறது. ஆஃப்செட் அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையை வைத்துக் காலம் தள்ளுகிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் மின்னும் கிளிப்பச்சை அந்த நாலில் எப்படிக் கலந்தாலும் வராது.

ஜிஎஸ்எம் என்றதும் தாளை விரலால் தேய்த்துத் தடிமன் பார்ப்பார்கள். அது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை; 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். ப்ளீட் என்பது வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் 3 மில்லிமீட்டர் படம். "காசு கொடுத்து அடிச்சதை ஏன் வெட்டுறீங்க?" என்ற கேள்விக்குக் கட்டிங் மாஸ்டர் சிரித்துவைப்பார். சென்டர் பின் அடிக்கும் விழா மலருக்குப் பக்கங்கள் 4-இன் மடங்கில்தான் வரும். தலைவர் வாழ்த்து 21ஆம் பக்கமாக முளைத்தால், இன்னும் மூன்று பக்கத்துக்கு விளம்பரம் பிடிக்க ஓட வேண்டும். 100 பிரதி என்றாலும் 1000 என்றாலும் மல்ட்டிகலருக்கு, மைக்கு ஒன்றாகப் பிளேட் நாலு. பேரம் பேசுபவருக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏறாது.

கடைசியாக, பிழை பார்க்கத் தரும் ப்ரூஃப். ஓ.கே. எழுதிக் கையெழுத்திட்டால் அதன்பின் பிழைகள் வாடிக்கையாளருக்குச் சொந்தம். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். தாய்மாமன் பெயர் எத்தனையாவது வரியில் என்பதை மட்டும் குடும்பமே கூடிச் சரிபார்த்திருக்கும்.